ஏசிசி நொதிக்கு ஒளிர்சாயம் இணைத்த எதிர்ப்பொருள்: 488 வாங்குவதா, வேண்டாமா?

நாகமலை ஆய்வர்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் உள்ள ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மரமஞ்சள் கட்டையின் எத்தனால் சாறு கல்லீரல் செல்களில் கொழுப்பு சேர்வதைக் குறைக்கிறதா, குறைத்தால் அது எந்த நொதியின் வழியாக நடக்கிறது என்பதே ஆய்வுப் பொருள். ஹெப்ஜி2 என்னும் மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களுக்கு, ஆல்புமினுடன் பிணைத்த ஓலியிக் அமிலத்தை 24 மணி நேரம் கொடுத்துக் கொழுப்புத் துளிகளை உருவாக்கி, அதன் பிறகு சாற்றைச் சேர்க்கிறேன். ஆயில் ரெட் ஓ சாயத்தில் துளிகள் குறைவது நன்றாகவே தெரிகிறது.

அடுத்த கட்டமாக, கொழுப்பு அமிலத் தொகுப்பின் முதல் படியை நடத்தும் அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் நொதியை, அதாவது ஏசிசியை, செல்லுக்குள்ளேயே பார்க்க விரும்புகிறேன். முயலில் உருவாக்கிய ஏசிசி எதிர்ப்பொருளுடன் அலெக்ஸா ஃப்ளூர் 488 என்னும் பச்சை ஒளிர்சாயம் நேரடியாக இணைக்கப்பட்ட குப்பிக்கு விலைப்புள்ளி வாங்கியிருக்கிறேன். எனக்குரிய ஆண்டுச் செலவினத் தொகையில் பெரும்பகுதியை அந்த ஒரு குப்பியே விழுங்கிவிடும் என்பதால்தான் வாங்குவதற்கு முன்பே கேட்கிறேன். கொழுப்புத் துளிகளுக்குப் பாடிபை 493/503, உட்கருவுக்கு டாபி, நொதிக்கு இந்த 488 என்று மூன்றையும் ஒரே செல்லில் பார்ப்பது திட்டம். எங்களிடம் இருப்பது பாதரச விளக்கு பொருத்திய பழைய ஒளிர்வு நுண்ணோக்கி. நீலம், பச்சை, சிவப்பு என மூன்று நிறங்களைப் பார்க்கும் வடிகட்டித் தொகுதிகள் உண்டு. லேசரால் ஒளியூட்டும் கான்ஃபோகல் நுண்ணோக்கி வேண்டுமானால் வேறு நிறுவனத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எதிர்ப்பொருள் வேலை செய்கிறதா என்று சோதிக்க, நெல்பேட்டையில் ஆட்டு ஈரல் வாங்கி வந்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் கண்டறியும் முறை) செய்து பார்த்தால் போதுமா?

செல்லூர்க்காரன்:

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சாயம் இணைத்த எதிர்ப்பொருளைத் திறந்துவிட்டால் எந்த முகவரும் திரும்பப் பெறமாட்டார். தகவல் தாளில் அந்தக் குப்பி எந்தப் பயன்பாட்டுக்குச் சோதிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஓட்ட செல் அளவியலுக்கு மட்டும் சோதித்ததை நுண்ணோக்கிக்கு வாங்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் அதிகம். வியாழன், வெள்ளியில் அனுப்பச் சொல்லாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஞாயிறு முழுவதும் பெட்டி பார்சல் அலுவலகத்தில் கிடந்தால் ஐஸ் ஜெல் தாங்காது.

ஒளிநோக்கி:

ஆய்வரே, நான் நுண்ணோக்கிக் கூடத்தைக் கவனித்துக்கொள்பவள். அதனால் நிறக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அலெக்ஸா 488 ஏறத்தாழ 495 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சி 519இல் உமிழ்கிறது. பாடிபையின் உறிஞ்சலும் உமிழ்வும் அதன் பெயரிலேயே இருக்கின்றன: 493, 503. இரண்டும் ஒரே பச்சை வடிகட்டிக்குள் வந்து விழும். எது நொதி, எது கொழுப்புத் துளி என்று உங்களால் பிரிக்கவே முடியாது. பாடிபை மிகப் பிரகாசமான சாயம் என்பதால் நொதியின் மங்கலான ஒளி அதற்குள் மூழ்கிப் போகும். கான்ஃபோகலுக்குப் போனாலும் இந்தச் சிக்கல் தீராது. லேசரும் அதே 488தான்.

அடுத்து உங்கள் விளக்கு. பாதரச விளக்கு எல்லா அலைநீளத்திலும் ஒரே அளவு ஒளியைத் தருவதில்லை. 365, 405, 436, 546, 578 ஆகிய இடங்களில்தான் அதன் வலுவான முனைகள் இருக்கின்றன. 490ஐ ஒட்டிய பகுதியில் ஒளி குறைவு. ஆகவே உங்கள் கருவியில் 488 சாயத்தை விட, அதே வரிசையில் வரும் 555 சாயத்துக்கே அதிக ஒளி கிடைக்கும், 546 முனை அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால். நொதிக்கு 555ஐ வைத்துக்கொண்டால் நொதி சிவப்பு வடிகட்டியிலும் துளிகள் பச்சையிலும் வரும். 647 சாயத்தைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். கான்ஃபோகலில் அது அருமையான சாயம். ஆனால் உங்கள் விளக்கில் அந்தப் பகுதியில் வலுவான முனை கிடையாது, 668இல் வரும் ஒளியைக் கண்ணால் பார்ப்பதும் கடினம்.

இவற்றை விட எனக்குக் கவலை தருவது மரமஞ்சள். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் தானே ஒளிரும் பொருள். நீல ஒளியில் தூண்டினால் பச்சை மஞ்சளாக ஒளிரும். நீரில் மங்கலாக இருப்பது டிஎன்ஏ போன்றவற்றோடு பிணைந்ததும் பிரகாசமாகிவிடும். குறைந்த செறிவில் அது மைட்டோகாண்ட்ரியாவில் சேர்கிறது. செறிவு கூடினால் உட்கருவுக்கும் போகிறது. நிறமுள்ள மூலிகைச் சாறுகளை வைத்துக்கொண்டு ஒளிர்வுப் படம் எடுப்பவர்கள் சாற்றின் சொந்த ஒளியைச் சோதிக்காமலேயே வருவது எனக்கு நெடுநாளைய மனக்குறை. சாறு கொடுத்த, எந்தச் சாயமும் இடாத செல்களைப் பச்சை வடிகட்டியில் வைத்துப் பார்த்தீர்களா?

நாகமலை ஆய்வர்:

இன்று காலை பார்த்தேன், அக்கா. சாறு கொடுக்காத செல்களில் கிட்டத்தட்ட இருள்தான். சாறு கொடுத்தவற்றில் உட்கருவைச் சுற்றி மெல்லிய மஞ்சள் பச்சை இழைகள், நறுக்கிய நூல் துண்டுகளைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, செல் சவ்வைத் திறக்க ட்ரைட்டான் இட்டு, பலமுறை கழுவிய பிறகு ஒளி பெரிதும் குறைகிறது; ஆனால் முற்றிலும் மறையவில்லை. சாற்றின் அளவைக் கூட்டினால் மிஞ்சும் ஒளியும் கூடுகிறது.

ஒளிநோக்கி:

நீங்கள் விவரிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வடிவம். இதில் இன்னொரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஏசிசியின் இரு வடிவங்களில் ஒன்றான ஏசிசி 2 இருப்பதும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான். 488 வாங்கியிருந்தால், சாறு கொடுத்ததும் ஏசிசி 2 மைட்டோகாண்ட்ரியாவில் கூடுகிறது, அதுவும் அளவுக்கேற்பக் கூடுகிறது என்று ஓர் அழகான படம் கிடைத்திருக்கும். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கூட அதை நம்பியிருப்பார். 546இல் பெர்பெரின் ஏறக்குறைய ஒளியை உறிஞ்சுவதே இல்லை என்பதால் சிவப்பு வடிகட்டியில் இந்தத் தொல்லை இருக்காது. இருந்தாலும் சாயமிடாத மாதிரியை அங்கேயும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வைகை வடகரை:

தம்பிக்கும் அம்மையாருக்கும் வணக்கம். உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மையார் சொன்ன தொல்லை இந்தத் தொழில்நுட்பம் பிறந்த நாளிலிருந்தே உள்ளது. ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் எதிர்ப்பொருளுடன் முதன்முதலாக ஒளிர்சாயம் ஒன்றை இணைத்தபோது பயன்படுத்தியது நீலமாக ஒளிரும் ஆந்த்ரசீன் வகைச் சாயம். திசுக்கள் தாமும் நீலமாகவே ஒளிர்ந்ததால் எதிர்ப்பொருளின் ஒளியைப் பிரித்தறிய முடியாமல், அவர் பச்சையாக ஒளிரும் ஃப்ளூரெசினுக்கு மாறினார். இன்று நம் கல்லீரல் மாதிரிகளில் தாமே ஒளிரும் ஃப்ளேவின்களும் லிப்போஃபியூசினும் பச்சைப் பகுதியையும் நிரப்பிவிடுகின்றன. ஆகவே சிவப்பை நோக்கி நகர்வதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இப்போது நொதிக்கு வருவோம். அசிட்டைல் கோஏவை மலோனைல் கோஏவாக மாற்றுவது ஏசிசி. கொழுப்பு அமிலத் தொகுப்பின் இடைப்பொருள் மலோனைல் வகைச் சேர்மம்தான் என்பதை சாலிஹ் வாக்கில் 1958இல் காட்டினார். அவர் பயன்படுத்திய நொதி புறாவின் ஈரலிலிருந்து எடுத்தது. மனிதனிடம் இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஏசிசி 1 செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் இருந்துகொண்டு கொழுப்பு அமிலத் தொகுப்புக்கான மலோனைல் கோஏவைத் தருகிறது. அதன் எடை ஏறத்தாழ 265 கிலோடால்டன். ஏசிசி 2 சற்றுப் பெரியது, ஏறத்தாழ 280. அது மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நின்று தரும் மலோனைல் கோஏ, சிபிடி 1 என்னும் நொதியைத் தடுத்து, கொழுப்பு அமிலம் உள்ளே போய் எரிவதைக் கட்டுப்படுத்துகிறது. இதயத்திலும் எலும்புத்தசையிலும் ஏசிசி 2 மிகுதி. கல்லீரலில் இரண்டும் உண்டு. ஆகவே வெறும் ‘ஏசிசி எதிர்ப்பொருள்’ என்று சொன்னால் போதாது. அது எந்த வடிவத்தின் எந்தப் பகுதியை அடையாளம் காண்கிறது என்பதைத் தகவல் தாளில் பாருங்கள்.

முக்கியமான இரண்டு தடைகளைச் சொல்கிறேன். முதலாவது, நீங்கள் ஓலியிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊட்டுகிறீர்கள். செல் அதை வாங்கி, கோஏவுடன் சேர்த்து, டிரைகிளிசரைடாக்கித் துளியில் வைக்கிறது. இந்தப் பாதையில் ஏசிசிக்கு வேலையே இல்லை. அது மட்டுமல்ல, நீண்ட சங்கிலி அசைல் கோஏ ஏசிசியைத் தடுக்கும். செல்லே புதிதாகக் கொழுப்பு அமிலம் செய்வதுதான் உங்கள் கேள்வியென்றால், மிகுந்த குளுக்கோஸும் இன்சுலினும் கொடுத்து அந்தப் பாதையைத் தூண்ட வேண்டும். இல்லையென்றால், துளிகள் குறைந்ததற்கு ஏசிசியைக் காரணம் காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்காது.

இரண்டாவது தடை இதனினும் பெரியது. எதிர்ப்பொருள் காட்டுவது நொதியின் இருப்பை; அதன் செயலை அல்ல. ஏசிசியின் செயல் சிட்ரேட்டால் தூண்டப்படுகிறது, ஏஎம்பிகே என்னும் கைனேஸ் பாஸ்பேட் ஏற்றும்போது அடங்குகிறது. பெர்பெரின் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் தொகுதியைத் தடுத்து ஏஎம்பிகேயைத் தூண்டுவது இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. அப்படியானால் உங்கள் சாறு ஏசிசியின் அளவைத் தொடாமலேயே அதன் செயலை முடக்கலாம். மொத்த ஏசிசியின் ஒளி மாறவில்லை என்பதைக் கண்டு, சாறு இந்த நொதியின் வழியாகச் செயல்படவில்லை என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். உண்மை நேரெதிராக இருக்கும்.

தல்லாகுளம்:

ஐயாவின் முதல் தடையில் எனக்கு உடன்பாடில்லை. ஓலியிக் அமில மாதிரி எத்தனையோ கட்டுரைகளில் ஏற்கப்பட்டுள்ளது. கொழுப்புக் கல்லீரலில் சேரும் கொழுப்பின் பெரும்பங்கு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் கொழுப்பு அமிலம்தான் என்பதும் தெரிந்ததே. வெளியிலிருந்து ஊட்டுவது நோயின் நிலையை ஓரளவு சரியாகவே பிரதிபலிக்கிறது.

வைகை வடகரை:

நோயின் நிலையைப் பிரதிபலிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஏசிசியைப் பற்றிய கேள்விக்கு அது விடை தருமா என்பதே என் ஐயம். ஏசிசி 2 அடங்கினால், ஊட்டிய ஓலியிக் அமிலமும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரியும். துளிகள் அதனாலும் குறையலாம். ஆகவே தல்லாகுளத்தார் சொல்வதுபோல் இந்த மாதிரியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது கேட்க வேண்டியது எரிதலைப் பற்றிய கேள்வி, பார்க்க வேண்டியது ஏசிசி 2. தொகுப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் குளுக்கோஸ், இன்சுலின் மாதிரியை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தல்லாகுளம்:

இந்த வடிவத்தில் ஏற்கிறேன்.

ஒத்தக்கடை விதை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் யானைமலை ஒத்தக்கடையில் நிலக்கடலை விதையின் எண்ணெய் உருவாக்கம் பற்றி ஆய்வு செய்கிறேன். இதே ஏசிசி எதிர்ப்பொருளை நானும் பங்கிட்டு வாங்கினால் செலவு பாதியாகுமே. நிலக்கடலைப் பருப்பில் அது வேலை செய்யுமா?

வைகை வடகரை:

பெரும்பாலும் செய்யாது, தம்பி. நிலக்கடலை போன்ற இருவித்திலைத் தாவரங்களின் பசுங்கணிகத்தில் கொழுப்பு அமிலத்துக்குப் பொறுப்பான ஏசிசி, நான்கு வெவ்வேறு புரதத் துணையலகுகள் கூடி அமைவது. மனிதனுடையதைப் போல ஒரே நீண்ட சங்கிலி அல்ல. புல்லினத்தின் பசுங்கணிகத்தில் இருப்பதுதான் ஒரே சங்கிலி வகை. நிலக்கடலைக் காட்டில் குயிசலோஃபாப் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் புல் கருகுவதும் கடலைச் செடி நிற்பதும் இந்த வேறுபாட்டால்தான். அந்த மருந்து புல்லின் ஏசிசியை மட்டுமே முடக்குகிறது. உங்களுக்கு வேண்டியது தாவரத் துணையலகுக்கென்றே உருவாக்கிய எதிர்ப்பொருள்.

மட்டுறுத்துநர்:

தாவர ஏசிசி பற்றித் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாகமலை ஆய்வர்:

ஐயா, மிக்க நன்றி. செரின் 79இல் பாஸ்பேட் ஏற்றப்பட்ட ஏசிசியை மட்டும் காணும் எதிர்ப்பொருள் கிடைக்கிறது. மொத்த ஏசிசியை விட்டுவிட்டு அதையே சாயத்துடன் வாங்கிவிடலாமா? ஆட்டு ஈரல் கேள்விக்கும் விடை வேண்டும்.

வைகை வடகரை:

ஒன்றை விட்டு மற்றொன்று போதாது. பாஸ்பேட் ஏறியதன் அளவை மொத்த அளவோடு வகுத்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு. செரின் 79 என்பது எலியின் ஏசிசி 1இல் உள்ள எண்; மனிதனில் அது 80ஆம் இடம். ஏசிசி 2இலும் அதற்கு இணையான இடத்தில், மனிதனில் 222இல், கிட்டத்தட்ட அதே வரிசை வருவதால் இந்த எதிர்ப்பொருள் இரண்டையும் காணும். வெஸ்டர்ன் பிளாட்டில் 265, 280 என இரு பட்டைகளாகப் பிரித்துவிடலாம்; நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே ஒளியாகத்தான் தெரியும். ஆகவே பாஸ்பேட் கேள்வியை பிளாட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். 6 விழுக்காட்டு ஜெல்லோ அதனினும் மென்மையானதோ வேண்டும். மாற்றுதலை 4 டிகிரியில், குறைந்த மின்னழுத்தத்தில், இரவு முழுவதும் நடத்துங்கள். இவ்வளவு பெரிய புரதத்தை ஒரு மணி நேரத்தில் மாற்ற முயன்றால் பாதி ஜெல்லிலேயே தங்கிவிடும். உங்கள் பகுதியில் இரவு மின்தடை உண்டென்றால் மின் வழங்கியை யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுவது நல்லது.

ஆட்டு ஈரல் வேண்டாம். ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகள் கொழுப்பு அமிலத்தைப் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் தொகுக்கின்றன. ஈரலின் பங்கு சிறிது. பட்டை மங்கலாக வந்தால் எதிர்ப்பொருள் பழுதா, ஈரலில் நொதி குறைவா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். பறவைகளில் நிலைமை நேர்மாறு, தொகுப்பு முழுவதும் ஏறக்குறைய ஈரலில்தான். எனவே கறிக்கடைக்குத்தான் போவதென்றால் கோழி ஈரல் வாங்குங்கள். ஆனால் பண்ணையிலிருந்து ஏற்றுவதற்கு முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள். பட்டினி கிடந்த கோழியில் இந்தப் பாதை அடங்கியிருக்கும். எதிர்ப்பொருள் கோழியின் ஏசிசியைக் காணுமா என்பதும் தனியே பார்க்க வேண்டியது. பாஸ்பேட் எதிர்ப்பொருளுக்குக் கறிக்கடை ஈரல் எதுவுமே உதவாது, ஏனெனில் அறுத்த சில நிமிடங்களிலேயே ஏடிபி சரிந்து ஏஎம்பிகே விழித்துவிடும்.

ஒளிநோக்கி:

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான சரியான சோதனை மாதிரி ஹெப்ஜி2 செல்லேதான். குறிப்பிட்ட ஒரு புரதத்தின் உற்பத்தியை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து ஏசிசி 1ஐ ஒரு தட்டிலும் ஏசிசி 2ஐ இன்னொரு தட்டிலும் குறைத்துவிட்டு, எதிர்ப்பொருளின் ஒளியும் அதற்கேற்பக் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் அந்த ஒளி நொதியுடையது அல்ல. எதிர்ப்பொருள்களைச் சரிபார்ப்பது குறித்து 2016இல் பன்னாட்டுக் குழு ஒன்று வகுத்த ஐந்து வழிகளில் மரபணு வழிச் சோதனையும் ஒன்று. நம் வசதிக்கு எட்டக்கூடியதும் அதுவே.

ஒளி போதவில்லை என்றால் பயோட்டின், அதை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் ஆகியவற்றின் வழியாகப் பெருக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏசிசி ஆய்வில் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏசிசி தன் உடலிலேயே பயோட்டினைச் சுமந்திருக்கும் நொதி. பைருவேட் கார்பாக்சிலேஸ் முதலிய மைட்டோகாண்ட்ரிய நொதிகளும் அப்படியே. எதிர்ப்பொருள் இல்லாமலேயே ஸ்ட்ரெப்டாவிடின் போய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் செல்களில் இந்தப் பின்னணி மிகவும் பலமாக இருக்கும்.

செல்லைத் திறக்கும் முறையும் கவனத்துக்குரியது. ட்ரைட்டான் எக்ஸ்-100 கொழுப்புத் துளிகளைக் குலைத்துவிடும். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் கொழுப்பே கரைந்து போகும். பாராஃபார்மால்டிஹைடு 4 விழுக்காட்டில் நிலைப்படுத்தி, 0.1 விழுக்காடு சப்போனினால் திறவுங்கள். சப்போனின் இட்ட துளைகள் அதை நீக்கியதும் மூடிக்கொள்ளும் என்பதால், எதிர்ப்பொருளுடன் ஊறவைக்கும்போதும் இடையே கழுவும்போதும் கரைசலில் அது இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

தல்லாகுளம்:

விலைதான் தடையென்றால், சாயமில்லாத எதிர்ப்பொருளை வாங்கி நாமே சாயத்தை இணைத்துக்கொள்ளலாமே. என்ஹெச்எஸ் எஸ்டர் வடிவில் சாயம் தனியாகக் கிடைக்கிறது. எதிர்ப்பொருளின் லைசின்களில் போய் இணையும். பிஹெச் 8.3 அளவில் பைகார்பனேட் தாங்கல் கரைசலும், இணையாத சாயத்தை நீக்க ஒரு சிறு ஜெல் வடிகட்டல் பத்தியும் போதும். பிறகு நிறமாலைமானியில் இரண்டு அளவுகள் எடுத்தால் ஒரு மூலக்கூறில் எத்தனை சாயம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கணக்கை எடுத்துக்காட்டாகப் போடுகிறேன். 488 சாயத்துக்கு 494இல் உறிஞ்சல் 1.20, புரதத்துக்கு 280இல் உறிஞ்சல் 0.70 என்று வைத்துக்கொள்வோம். சாயமும் 280இல் கொஞ்சம் உறிஞ்சுகிறது. அதன் திருத்தக் காரணி 0.11. எனவே 0.70இலிருந்து 0.132ஐக் கழித்தால் புரதத்தின் உண்மையான உறிஞ்சல் 0.568. இதை ஐஜிஜி வகை எதிர்ப்பொருளின் மோலார் உறிஞ்சல் எண்ணான 203,000ஆல் வகுத்தால் 2.8 மைக்ரோமோலார், சாயத்தின் 1.20ஐ 71,000ஆல் வகுத்தால் 16.9 மைக்ரோமோலார். ஆக ஒரு எதிர்ப்பொருளுக்கு ஆறு சாயம், நல்ல அளவு. இதற்கு மேல் மிகவும் கூடினால் சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று தணித்துவிடும். பிணைப்பிடத்தில் உள்ள லைசின்களும் மூடப்பட்டு எதிர்ப்பொருள் பிடிப்பை இழக்கும்.

செல்லூர்க்காரன்:

கணக்கு சரிதான். ஆனால் சந்தையில் வரும் எதிர்ப்பொருள் குப்பிகள் பலவற்றில் நிலைப்புக்காக மாட்டு ஆல்புமின் கலந்திருக்கும்; எதிர்ப்பொருளை விட ஆல்புமின் பல மடங்கு அதிகம். சாயத்தைப் பெரும்பாலும் அந்த ஆல்புமினே தின்றுவிடும். ட்ரிஸ், கிளைசின் கலந்த கரைசலிலும் இதே கதி, அவற்றிலும் அமீன் இருக்கிறது. ஆல்புமின் சேர்க்காத வடிவத்தைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். அதன் விலை கூடுதல். ஒரு சிறு குப்பியை வைத்துக்கொண்டு பத்தியில் பாதியை இழப்பதும் உண்டு.

ஒளிநோக்கி:

நேரடியாகச் சாயம் இணைத்தது எதற்கு வேண்டும் என்பதையே நான் கேட்கிறேன். ஒரே விலங்கில் உருவான இரண்டு எதிர்ப்பொருள்களை ஒரே செல்லில் பார்க்க வேண்டுமானால் அது தேவை. ஓட்ட செல் அளவியலிலும் நேரம் மிச்சமாகும். ஆய்வருக்கு முயல் எதிர்ப்பொருள் ஒன்றுதான். மற்ற இரண்டும் வெறும் சாயங்கள். சாயமில்லாத முயல் எதிர்ப்பொருளும், முயல் ஐஜிஜிக்கு எதிரான 555 சாயமிட்ட இரண்டாம் நிலை எதிர்ப்பொருளும் போதும். ஒரு முதல்நிலை மூலக்கூறில் பல இரண்டாம் நிலை மூலக்கூறுகள் ஒட்டுவதால் ஒளியும் பெருகும். அதே முதல்நிலைக் குப்பி வெஸ்டர்ன் பிளாட்டுக்கும் பயன்படும். 488 இணைத்ததை அதற்கு யாரும் எடுக்கமாட்டார்கள். இரண்டாம் நிலைக் குப்பி உங்கள் ஆய்வகத்தில் முயல் எதிர்ப்பொருள் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.

நாகமலை ஆய்வர்:

நெறியாளரிடம் இந்த இழையைக் காட்டினேன். 488 குப்பியை விட்டுவிடுவதென்று முடிவாகிவிட்டது. மொத்த ஏசிசிக்குச் சாயமில்லாத முயல் எதிர்ப்பொருள், 555 இரண்டாம் நிலை, பாஸ்பேட் ஏசிசி பிளாட்டில் மட்டும், எஸ்ஐஆர்என்ஏ இரண்டு, சாற்றுக்குப் பக்கத்தில் தூய பெர்பெரின் ஒரு வரிசை, ஓலியிக் அமிலத்தோடு குளுக்கோஸ், இன்சுலின் மாதிரியும் சேர்கிறது. நெறியாளர் எழுப்பிய ஐயம் ஒன்று: பாடிபையும் பச்சை, பெர்பெரினும் பச்சை, அப்படியானால் துளிகளின் அளவீடும் கெடாதா?

ஒளிநோக்கி:

கெடக்கூடும்; உங்கள் நெறியாளர் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். பாடிபை மிகப் பிரகாசமானது என்பதால் அதைப் படமெடுக்க மிகக் குறைந்த நேர ஒளிப்பதிவே போதும். அதே நேரத்தை மாற்றாமல், சாறு மட்டும் கொடுத்துப் பாடிபை இடாத செல்லைப் படமெடுங்கள். அதில் இருள் மட்டும் இருந்தால் கவலையில்லை. ஒளி தெரிந்தால், சிவப்புக்கு அப்பால் உமிழும் கொழுப்புச் சாயம் ஒன்றை வாங்கிக்கொண்டு கான்ஃபோகலுக்குப் போக வேண்டியதுதான். நைல் சிவப்பைத் தேடாதீர்கள். அது உங்கள் 555 பாதைக்குள் கசியும்.

தல்லாகுளம்:

சாயமிட்ட குப்பியை எங்கே வைப்பது என்று அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆய்வகத்திலும் மின்தடை உண்டு. தகவல் தாளில் வேறுவிதமாகச் சொல்லாதவரை 555 குப்பியை உறைய வைக்கக் கூடாது. 4 டிகிரியில், அலுமினியத் தாள் சுற்றி, குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். பின்சுவரை ஒட்டி வைத்தால் அங்கேயே உறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்துவதற்கு முன் ஒருமுறை மையவிலக்கியில் சுற்றி, மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள். திரண்ட கட்டிகள் படத்தில் ஒளிரும் புள்ளிகளாக வந்து கொழுப்புத் துளியோ என்று ஏமாற்றும்.

ஒளிநோக்கி:

கான்ஃபோகலுக்குப் பதிவு செய்யும்போது 405 லேசர் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். டாபிக்கு அது வேண்டும். எல்லாக் கருவியிலும் அது இருப்பதில்லை. பெர்பெரினும் அந்த லேசரில் தூண்டப்படும் என்பதால், டாபி இடாத ஒரு கண்ணாடித் தகட்டையும் பெட்டியில் எடுத்துப் போங்கள்.